பசிபிக்குக் காய்ச்சல், ஆம்பூர் பூட்ஸுக்குப் பூஞ்சை

முதல் டப்பாவைத் திறந்தார் குளோரி அக்கா. இரண்டாவதைத் திறந்தார். மூன்றாவதைத் திறந்தார். நான்காவதைத் திறந்து பார்த்துவிட்டு, தூங்குகிறவர் முகத்தின் மேல் போர்வையை இழுத்துவிடுவதுபோல மெதுவாக மூடினார்.

உள்ளே பூட்ஸ். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை உயரும், வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துப் பனிக்கால பூட்ஸ். அமெரிக்காவின் வடக்கு ஓரத்துப் பெண்களுக்குக் கால் சில்லிடக் கூடாது என்று உட்புறம் முழுக்க ரோமம் வைத்துத் தைத்திருந்தோம். இப்போது வெளிப்புறமும் ரோமம் முளைத்திருந்தது. வெள்ளையும் பச்சையும் கலந்த, பூனைக்குட்டி முதுகுபோல மெத்தென்ற ரோமம். ஊதினால் அசைந்தது. ஆர்டர் கொடுத்த அமெரிக்க பையர் கேட்டதற்கு மேலேயே செய்து கொடுத்திருக்கிறோம் என்று பெருமைப்பட்டிருக்கலாம்.

கிடங்கெங்கும் நனைந்த சாக்கும் பசையும் பழைய ரொட்டியும் கலந்த நெடி. மேலே அஸ்பெஸ்டாஸ் கூரையில் கார்த்திகை மழை, யாரோ மூட்டை மூட்டையாக ஆணிகளைக் கொட்டுவதுபோல விழுந்துகொண்டிருந்தது.

"எத்தினி டப்பா இப்டி?" என்று கேட்டார் முதலாளி அன்சர் பாய்.

"தெர்ல பாய். இன்னும் தொறக்கணும்" என்றார் குளோரி அக்கா.

"உள்ள ஈரம் குடிக்கற பொட்டலம் போடலியா?"

குளோரி அக்காவின் லைனில் வேலை பார்க்கும் முப்பது பெண்களும் சுவரோரம் நின்றார்கள். மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"யாரு பொட்டலம் இல்லாம மூடச் சொன்னது?"

அந்தக் கேள்விக்குப் பதில் அங்கேயே இருந்தது. கதவுக்குப் பக்கத்தில், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் ஒரு ஃபேக்ஸ் தாளோடு நின்றிருந்தது. அந்தத் தாளை அன்றைக்குப் படித்த அளவு கவனமாக என் வாழ்நாளில் வேறு எதையும் நான் படித்ததில்லை.

குளோரி அக்கா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரமில்லை, ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு பாயைப் பார்த்துச் சொன்னார்:

"பேக்கிங் ஸ்லிப்புல என் கையெழுத்துதான் பாய் இருக்குது."

நான் பார்த்த உத்தியோகம்

ஃபேக்டரி பஸ்ஸைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு வாணியம்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: 'எல்லோரையும் பற்றி எழுதுகிறீர்களே, நீங்கள் அங்கே என்னதான் வேலை பார்த்தீர்கள்?'

நியாயமான கேள்வி. நான் மன்னிப்புக் கேட்கும் வேலை பார்த்தேன்.

பெயர் என்னவோ கரஸ்பாண்டென்ஸ் கிளார்க். ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையில் இருந்த அந்த ஷூ ஃபேக்டரியில், வெளிநாட்டுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகன், கவிதை வேறு எழுதுகிறான், இங்கிலீஷ் சுத்தமாக இருக்கும் என்று யாரோ சொல்லி என்னை எடுத்துக்கொண்டார்கள். சரக்கு இரண்டு நாள் தாமதமா? வருந்துகிறோம். தோலின் நிறம் கொஞ்சம் மாறிவிட்டதா? மிகவும் வருந்துகிறோம். இரண்டு பூட்ஸும் இடது காலா? ஆழ்ந்து வருந்துகிறோம். மூன்று தரத்தில் வருத்தம் எப்போதும் என்னிடம் கையிருப்பில் இருக்கும்.

ஃபேக்ஸ் தாளின் பின்பக்கத்தில் கவிதை எழுதுவேன். அந்தத் தாளில் அச்சான எழுத்து சில மாதங்களில் மங்கி மறைந்துவிடும். பின்பக்கத்துக் கவிதைதான், துரதிர்ஷ்டவசமாக, மங்கவே மங்காது.

கத்திரி வெயிலில் பனிக்காலம்

பனிக்கால பூட்ஸ் பனிக்காலத்தில் தைக்கப்படுவதில்லை. டிசம்பரில் அந்த ஊர்க் கடைக் கண்ணாடிக்குள் அது நிற்க வேண்டுமானால், ஏப்ரலிலும் மேயிலும் இங்கே தைத்தாக வேண்டும். ஆக, தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிற எங்கள் ஊரில், காக்கைகூட வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கத்திரி வெயிலில், தகரக் கொட்டகைக்குள் முப்பது பெண்கள் மடியில் ரோமத் துணியைப் போட்டுக்கொண்டு தைத்தார்கள்.

மின்விசிறி போட்டால் ரோமம் பறக்கும். போடாவிட்டால் உயிர் பறக்கும். ஒரு மணி நேரம் போட்டு ஒரு மணி நேரம் அணைப்பார்கள். வேர்வையில் ஒட்டிய ரோமத்தோடு கழுத்தும் கையும் நரைத்து, அவர்கள் பஸ் ஏறும்போது, ஒரே நாளில் முப்பது வயது கூடியதுபோல இருக்கும்.

அந்த லைனுக்கு சூப்பர்வைசர் குளோரி அக்கா. விரிஞ்சிபுரத்திலிருந்து வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்பேன். பேனா பிடிப்பவன் என்பதால் அவர் என்னை சார் என்பார். ரோமத் துணியைத் தைக்கும்போது ரோமம் தையலுக்குள் மாட்டிக்கொண்டால் பூட்ஸின் விளிம்பில் மீசைபோலத் துருத்தும். அது மாட்டாமலிருக்க, தேய்ந்துபோன பல் பிரஷ்ஷால், ஊசி வருவதற்கு ஒரு விரற்கடை முன்னால் ரோமத்தை ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். குளோரி அக்கா கண்டுபிடித்த வித்தை அது. இங்கிலீஷ் பேசும் டெக்னீஷியன் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இதற்கு இயந்திரம் இருக்கிறதே என்றார். இயந்திரமும் வந்தது. ரோமத்தை அது மொத்தமாகச் சிரைத்துக் கொடுத்தது. மறுநாளே பல் பிரஷ் திரும்பிவிட்டது.

"அந்த ஊரு பொம்பளைங்களுக்குக் காலு அவ்ளோ குளிருமா சார்?" என்று ஒருநாள் கேட்டார்.

"பனி முழங்கால் வரைக்கும் நிக்கும்க்கா."

"அதுல ஒரு லோடு இங்க அனுப்பச் சொல்லி எழுதுங்க. வாங்கிக்கறோம். கம்ப்ளைன்டே பண்ண மாட்டோம்."

பதினோரு மணி டீ

பதினோரு மணி டீயின்போது இங்கிலீஷ் பேப்பரைப் பாய்க்குப் படித்துச் சொல்வது என் உப தொழில். அந்த வருஷம், தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு வருஷம், பேப்பரில் அடிக்கடி ஒரு பெயர் வர ஆரம்பித்தது. எல் நினோ. பசிபிக் கடல் சூடாகிக்கொண்டிருக்கிறதாம். உலகம் முழுக்க மழை, வெயில், குளிர் எல்லாம் இடம் மாறப் போகிறதாம்.

"நம்ம ஊரு பாலாறே நமக்குக் கட்டுப்படல. பசிபிக் சூடானா எனக்கு இன்னா?" என்றார் பாய்.

நான் விளக்கினேன். விளக்குவதில் எனக்கு அப்போது பெரிய சுகம். டீ கிளாஸ், பிஸ்கட் தட்டு, ஊதும் வாய், இவ்வளவுதான் என் பசிபிக். நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்று வீசிக்கொண்டே இருக்கும். வெயிலில் காய்ந்த மேல்தண்ணீரை அது வாசல் பெருக்குவதுபோல இந்தோனேசியா பக்கம் தள்ளிவிடும். அங்கே சுடுதண்ணீர் குவியும், மேகம் எழும்பும், மழை கொட்டும். எதிர்க்கரையில், தென்னமெரிக்காவின் பெரு நாட்டுப் பக்கம், கடலின் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். மீனும் பெருகும். ஊர் நன்றாக இருக்கும்.

சில வருஷங்களுக்கு ஒரு முறை அந்தக் காற்று லீவு போட்டுவிடும். குவிந்த சுடுதண்ணீர் திரும்பிக் கிழக்கே வழியும். மழையும் அதன் பின்னாலேயே போய்விடும். இந்தோனேசியாவில் காடு எரியும். பெருவில் பாலைவனத்தில் வெள்ளம் ஓடும், மீன் காணாமல் போகும். மேலே உயரத்தில் ஓடும் காற்றின் பாதையும் திசை மாறும். அதனால் அமெரிக்காவின் வடக்குப் பகுதிகளில் குளிர் கம்மியாகும்.

கடைசி வாக்கியத்தைச் சொன்ன நானும் அதைக் கவனிக்கவில்லை, கேட்ட பாயும் கவனிக்கவில்லை. பனிக்கால பூட்ஸ் செய்கிற முதலாளி. பனிக்கால பூட்ஸுக்குக் கடிதம் எழுதுகிற குமாஸ்தா. இரண்டு பேரும் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தோம்.

கவனித்தது குளோரி அக்கா. சாம்பிள் பூட்ஸ் காட்ட வந்து நின்றவர், "குளிர் கம்மின்னா இத யாரு சார் வாங்குவா?" என்றார்.

நாங்கள் சிரித்தோம். விஞ்ஞானம் புரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்பது அந்தக் காலத்து வழக்கம்.

"இன்னா பேரு சார் அது?"

"எல் நினோ. ஸ்பானிஷ்ல சின்னப் பையன்னு அர்த்தம். பெரு மீன்காரங்க வெச்ச பேரு. கிறிஸ்மஸ் சமயத்துல அந்தச் சுடுதண்ணி வரும்கிறதால, குழந்தை இயேசுன்னு வெச்சாங்களாம்."

குளோரி அக்காவின் முகம் மாறிவிட்டது. "வலையில மீன் இல்லாமப் போற வருஷத்துக்கா நம்ம பாலகன் பேர வெச்சாங்க? வேற பேரே கெடைக்கலியா அவங்களுக்கு?"

"ஏம்மா, ஊர்ல இன்னா நடந்தாலும் மேல இருக்கறவன் பேருதான வெக்கறோம்" என்றார் பாய்.

வானம் வறண்ட ஆண்டு

ஜூலைக் கடைசியில் பாதிச் சரக்கு கப்பல் ஏறியது. மீதியைப் பேக்கிங் செய்ய வேண்டிய ஆகஸ்டில் பையரிடமிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது: மீதியை நிறுத்தி வையுங்கள், பிறகு சொல்கிறோம். பாய் தோல் வாங்கக் கல்கத்தா போயிருந்தார். சரி, டப்பாவில் போட்டுக் கிடங்கில் வைப்போம் என்று முடிவானது.

டப்பாவில் வைக்கும்போது ஒவ்வொரு ஜோடிக்கும் சின்னச் சின்னப் பொட்டலம் போட வேண்டும். உள்ளே உப்புக்கல்போல மணிகள் இருக்கும், காற்றின் ஈரத்தை அவை குடித்துக்கொள்ளும். போடாவிட்டால் தோலில் பூஞ்சை பிடிக்கும். சென்னையிலிருந்து வர வேண்டிய அந்தப் பொட்டலம் அந்த வாரம் வரவில்லை.

"பொட்டலம் வராம நான் டப்பா மூட மாட்டேன் சார்" என்றார் குளோரி அக்கா.

"அதுவரைக்கும் பூட்ஸ் திறந்து கெடந்தா தூசி ஏறும்க்கா. இந்த வருஷம் மழையே இல்லை. எல் நினோ வந்தா இந்தியாவுல மழை கம்மி. பேப்பர்லயே போட்டிருக்கான்."

"பேப்பர்ல போட்டது டப்பாவுக்குத் தெரியுமா சார்?"

"நான் சொல்றேன்ல. பாய்கிட்ட நான் பேசிக்கறேன்."

நான் பேசவே இல்லை. ஆனால் எழுதினேன். பேக்கிங் ஸ்லிப்பில் குறிப்பு எழுதும் இடம் காலியாக இருந்தது. காலியிடத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. 'இவ்வாண்டு வானம் வறண்டது. பொட்டலம் வேண்டியதில்லை' என்று என் சாய்வெழுத்தில் எழுதினேன். ஒரு ஷூ ஃபேக்டரியின் பேக்கிங் ஸ்லிப்பில் அதற்கு முன் யாரும் இவ்வளவு அழகான வரி எழுதியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. கீழே குளோரி அக்கா கையெழுத்துப் போட்டார். என்னை நம்பிப் போட்டார். அதுதான் விஷயம்.

பேப்பர் சொல்லாமல் விட்டது

இனி வருவதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். விழுந்த பிறகு குழியின் ஆழத்தை அளப்பதில் நான் கெட்டிக்காரன்.

'எல் நினோ வந்தால் இந்தியாவில் மழை குறையும்' என்று பேப்பர்காரன் எழுதினால், அவன் சொல்வது ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையை. டெல்லிக்காரன் பார்வையில் மழை என்றால் அது ஒன்றுதான். நமக்கோ ஐப்பசியும் கார்த்திகையும் இருக்கின்றன. வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை. பசிபிக் சூடாகும் வருஷங்களில் அந்த மழை பெரும்பாலும் குறைவதில்லை, கூடுகிறது. பெரும்பாலும் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கடல் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. போதாக்குறைக்கு நம்முடைய இந்தியப் பெருங்கடலுக்கும் கிழக்கு மேற்கு என்று தனியாக ஒரு சூடு குளிர் தகராறு உண்டு என்று சில வருஷம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். எனக்கு அதுவும் தாமதமாகத்தான் தெரிந்தது.

இந்தியா என்று படித்ததை ஆம்பூர் என்று நான் புரிந்துகொண்டேன். தமிழ்நாட்டு மழை எந்த மாதம் வரும் என்பது எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். தெரிந்ததை, இங்கிலீஷில் அச்சான ஒரு வரி வந்து துடைத்துவிட்டது. பேப்பர்காரன் மேல் தப்பே இல்லை.

ஆறு பார்க்கப் போனோம்

ஐப்பசி நடுவில் ஆரம்பித்தது. முதல் நாள் தூறல், இரண்டாம் நாள் சாரல், மூன்றாம் நாள் வானம் தன் பெயரையே மறந்ததுபோலக் கொட்டியது. தோலில் உப்புப் பூத்தது. ரேஷன் கார்டு நனைந்தது. சுவரெல்லாம் ஈரம் போட்ட வரைபடங்கள், எந்த தேசம் என்றே தெரியாத வரைபடங்கள்.

பிறகு ஒரு காலை, பாலாற்றில் தண்ணீர் வருகிறது என்றார்கள். ஊர் மொத்தமும் பாலத்துக்கு ஓடியது. எங்கள் பக்கத்து ஆட்கள் ஆற்றைப் பார்ப்பது கல்யாணப் பெண்ணைப் பார்ப்பதுபோல. எப்போதாவதுதான் வரும், வந்தால் விட்டுவிடக் கூடாது. காவி நிறத்தில், நுரையும் சருகும் யாரோ ஒருவரின் பிளாஸ்டிக் குடமும் சுமந்து, பல வருஷம் கழித்து வேலைக்குத் திரும்புகிறவனின் கூச்சத்தோடு அது வந்தது. கிரிக்கெட் பிட்ச் போனது. கரும்புச்சாறு வண்டி நிறுத்தும் இடம் போனது. நான் பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து, கண் கலங்கி, மனசுக்குள் ஒரு கவிதை செய்தேன். ஆற்றங்கரைக் கிடங்கில் பொட்டலமில்லாத டப்பாக்கள் இருப்பது அந்தக் கவிதையில் இடம்பெறவில்லை.

அதே வாரம், கார்த்திகை பிறந்த பிறகு, அந்த ஃபேக்ஸ் வந்தது. இந்த ஆண்டு எங்கள் ஊரில் குளிர் வரவில்லை. கடைகளில் பூட்ஸ் தேங்கி நிற்கிறது. மீதிச் சரக்கு வேண்டாம். கீழே ஒரு வரி: மிகவும் வருந்துகிறோம். இரண்டாம் தரம். நானாக இருந்தால் மூன்றாம் தரம் போட்டிருப்பேன்.

"போவட்டும். சரக்கு இருக்குல்ல. அடுத்த குளிருக்கு வித்துக்கலாம். டப்பாவைத் தொறந்து பாருங்க" என்றார் பாய்.

திறந்து பார்த்தோம்.

மணலில் நின்ற கால்கள்

"மொதல்ல சுத்தம் பண்ணுங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்றார் பாய் அன்று, குளோரி அக்காவின் பதிலைக் கேட்ட பிறகு. அவர் கத்தவில்லை. அது இன்னும் மோசம்.

மழை விட்டு ஆறு வடிந்ததும், மார்கழி வெயிலில் பூட்ஸ்களைக் காய வைத்தார்கள். மாடி போதாமல் ஆற்று மணலிலும் வைத்தார்கள். முப்பது பெண்களும் குனிந்து, ஒவ்வொன்றாக மருந்தில் நனைத்த துணியால் துடைத்து, ஜோடி ஜோடியாக நிறுத்தினார்கள். குளிர் நாட்டு ஜனக்கூட்டம் ஒன்று ஊர்வலமாக வந்து, பாலாற்றின் நடுவில் நின்று, கால்களை மட்டும் விட்டுவிட்டு ஆவியாகிப் போனதுபோல இருந்தது. கிறிஸ்மஸ் பாட்டு எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் வந்தது. ஆட்டுக்குட்டி ஒன்று பூட்ஸ்களுக்கிடையில் தாயைத் தேடியது.

நான் நிழலில் நின்று, சுத்தம் செய்த ஜோடிகளை நோட்டில் குறித்தேன். சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் நினைப்பேன். மத்தியானத்துக்குள் அது ஒரு கவிதையாகிவிடும். கவிதையானதும் சொல்ல வேண்டிய அவசியம் தீர்ந்துபோகும்.

வேலை முடிந்த அன்று குளோரி அக்காவிடம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். பல் பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவி, உதறி, பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். என்னிடம் "வர்றேன் சார்" என்று மட்டும் சொன்னார். எப்போதும் சொல்வதுதான். ஆர்டரும் இல்லாததால் ஒரு மாதத்தில் லைனையே கலைத்துவிட்டார்கள். பூஞ்சைத் தழும்பு போகாத பூட்ஸ்கள் லாரியில் ஏறி, வடக்கே ஏதோ மலையூருக்குப் போயின.

அந்த வருஷம் நர்சிங் சேர வேண்டிய அவருடைய மகள் சேரவில்லை என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். இயற்கைக் காட்சியில் எனக்கு ஈடுபாடு அதிகம்.

மழை சார்

அடுத்த வருஷம் கடல் திரும்பியது. லீவில் போன காற்று இரட்டை டூட்டி பார்க்க ஆரம்பித்து, பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் தண்ணீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்துவிட்டது. அதற்கு லா நினா என்று பெயர், சின்னப் பெண். அது வந்தால் அமெரிக்காவின் வடக்கில் குளிர் கூட வாய்ப்புண்டு. இதைப் பேப்பரில் பார்த்தேன். பாயிடம் படிக்கவில்லை. பதினோரு மணி டீயில் சினிமா செய்தி மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பையரும் பேப்பர் படிப்பவர்தானே. தையல் காலமெல்லாம் தாண்டி, ஆடியில் ஃபேக்ஸ் வந்தது: ரோமம் வைத்த பூட்ஸ், போன தடவையைப்போல இரண்டு மடங்கு, அவசரம்.

பாய் என்னைக் கூப்பிட்டார். "வேற யாரு தைச்சாலும் மீசை வெச்ச பூட்ஸாத்தான் வருது. விரிஞ்சிபுரம் போய் குளோரியைக் கூட்டினு வா."

"நானா பாய்?"

"லெட்டர்லாம் நீதான எழுதற. இதையும் நேர்ல எழுதிட்டு வா."

விரிஞ்சிபுரத்தில் கோயில் மதிலைத் தாண்டி, ஆற்றுப் பக்கம் இறங்கும் தெருவில் வீடு. கதவைத் திறந்தது மகள். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"அம்மா, மழை சார் வந்துருக்காரு."

அந்த வீட்டில் என் பெயர் அது. எவ்வளவு நாளாகப் புழக்கத்தில் இருந்ததோ.

குளோரி அக்கா பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்தவில்லை. "உக்காருங்க சார். டீ போடும்மா அவருக்கு. பிஸ்கட்டும் குடு. அது இல்லாம அவரால கடலைப் பத்திப் பேச முடியாது."

நான் ஆர்டர் விஷயத்தைச் சொன்னேன். பாய் கூப்பிடுகிறார் என்றேன். தையல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு காலர் முடிந்து, நூலைப் பல்லால் அறுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"இப்ப கடல் இன்னா சொல்லுது?"

"குளுந்துருக்குக்கா."

"எவ்ளோ நாளைக்கு?"

எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. காற்று, நீரோட்டம், ஒன்பது மாதம், பன்னிரண்டு மாதம் என்று அழகான பதில். மகள் டீயோடு நின்றாள். யூனிஃபார்ம் துணியின் கஞ்சி வாசனை.

"தெரியாதுக்கா" என்றேன்.

குளோரி அக்கா என்னை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். "பாத்தீங்களா, இந்த வார்த்தையும் வாயில வருது. போன வருஷமே இத ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா பேஜாரே இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "வர்றேன். ஆனா மொதல்ல நீங்க பாய்கிட்டப் போங்க. பொட்டலம் யாரு வேணான்னதுன்னு சொல்லுங்க. லைன்ல முப்பது பேரு, சோம்பேறித்தனத்துல நான் போடாம விட்டேன்னு நெனச்சுனு இருக்காங்க. இத்தினி வருஷத்துல நான் ஒரு டப்பா அப்டி மூடுனதில்ல சார்."

"அன்னைக்கே நீங்க ஏன்க்கா சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னுதான்."

மூன்று தரமும் தீர்ந்த பிறகு

பாயின் அறையில் நின்றேன். வருந்துகிறேன், மிகவும் வருந்துகிறேன், ஆழ்ந்து வருந்துகிறேன், எதுவும் வாயில் வரவில்லை. கடல் கடந்து மன்னிப்புக் கேட்பதில் ஊரிலேயே பேர்போனவன், ஒரு மேஜையைக் கடந்து கேட்கத் தெரியாமல் நின்றேன்.

"பொட்டலம் வேணாம்னு சொன்னது நான்தான் பாய். அக்கா இல்ல."

பாய் டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் போட்டார். பேக்கிங் ஸ்லிப். இவ்வாண்டு வானம் வறண்டது.

"அரே சாலமன், உன் எழுத்து எனக்குத் தெரியாதா? தெனம் அதுலதான உலகத்துகிட்ட மன்னிப்புக் கேட்டுனு இருக்கோம்."

"அப்ப... அன்னைக்கே தெரியுமா பாய்?"

"அடுத்த நாளு தெரியும்."

"அப்புறம் ஏன் அக்காவை..."

பாய் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவருக்கும் இயற்கைக் காட்சியில் ஈடுபாடு இருந்திருக்கிறது. "குளோரி போனா ரோமம் வெக்கற ஃபர் லைன் போவும். நீ போனா இங்கிலீஷ் போவும். அந்த வருஷம் ஃபர் கேக்க ஆள் இல்ல. இங்கிலீஷ் ஜாஸ்தி தேவையா இருந்துச்சு." டிராயரை மூடிவிட்டுச் சொன்னார்: "நல்ல காரியம் இல்லதான்."

பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். பழைய லைனிலிருந்து மிச்சமிருந்த பதினோரு பெண்கள் வேறு வேலையில் இருந்தார்கள். மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, "சொல்லு" என்றார். அவர்களிடமும் சொன்னேன். என் கவிதை எதையும் இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. கடைசி மிஷினில் இருந்த பெண் மட்டும், "எங்களுக்கு அன்னைக்கே தெரியும் சார், நீங்க அந்த ஃபேக்ஸைத் தலைகீழாப் புடிச்சுனு இருந்தீங்க" என்றாள்.

அடுத்த வாரம் குளோரி அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். பைக்குள்ளிருந்து பல் பிரஷ்ஷை எடுத்து மிஷின் பக்கத்தில் வைத்தார். கலைந்துபோனவர்களில் பாதிக்கு மேல் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் வரவில்லை. அவர்களைப் பற்றிப் பசிபிக்கில் யாரும் கேட்கப் போவதில்லை. மகள் அந்த வருஷம் நர்சிங் சேர்ந்தாள், ஒரு வருஷம் தாமதமாக. அந்த ஒரு வருஷத்தை எந்தக் கடல் நீரோட்டத்தின் கணக்கிலும் நான் எழுத முடியாது. அது என் கணக்கு.

முதல் நாள் சாயங்காலம் பஸ் ஏறும் முன் குளோரி அக்கா என் மேஜைக்கு வந்தார். மடித்து வைத்திருந்த இங்கிலீஷ் பேப்பரை எடுத்தார். நடுப்பக்கத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தார். பேப்பரைப் பழையபடி மடித்தார்.

"இதுலதான் சார் ஈரம் ஜாஸ்தி" என்றார். "வர்றேன்."